ஒரு விண்மீன் திரளின் வயதை எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

"1,350 கோடி ஆண்டுகள் பழமையான விண்மீன் திரள் கண்டுபிடிப்பு" என்பது போன்ற தலைப்பு, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022-இல் வேலையைத் தொடங்கியதிலிருந்து செய்திகளில் அடிக்கடி வருகிறது. தலைப்பிலுள்ள எண் சரியானது. அதற்குக் கொடுக்கப்படும் பொருள்தான் தலைகீழ். 1,350 கோடி ஆண்டு என்பது அத்திரளின் ஒளி நம்மை வந்து சேர எடுத்துக்கொண்ட காலம். அந்த ஒளி புறப்பட்டபோது பேரண்டத்துக்கே முப்பது கோடி ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆகவே படத்தில் நாம் பார்ப்பது, விண்மீன்களை உருவாக்கத் தொடங்கிச் சில கோடி ஆண்டுகளே ஆன மிக இளைய திரளை. அதைப் பழையது என்று சொல்வது, தாத்தாவின் கைக்குழந்தைப் பருவத்துப் படத்தைக் காட்டி, படத்தில் இருப்பவர் முதியவர் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இந்தக் குழப்பம் வாசகரின் குற்றமன்று. விண்மீன் திரளின் வயது என்று நாம் ஒரே மூச்சில் கேட்பதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஒளி எக்காலத்தில் புறப்பட்டது என்பது முதலாவது. புறப்பட்ட வேளையில் அத்திரளிலிருந்த விண்மீன்களுக்கு என்ன வயது என்பது இரண்டாவது. அவ்விண்மீன்கள் ஒரே வீச்சில் பிறந்தனவா, காலந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறந்தனவா, பிறப்பு எப்போது குறைந்தது, எதனால் குறைந்தது என்பது மூன்றாவது. நம்முடைய பால்வெளியிலேயே 1,300 கோடி ஆண்டு வயதான விண்மீன்களும் உண்டு. 460 கோடி ஆண்டு வயதான சூரியனும் உண்டு. மிருகசீரிடத்துக்குத் தெற்கே தெரியும் ஓரியன் ஒண்முகிலில் இன்றும் புதிய விண்மீன்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட திரளுக்கு வயது எவ்வளவு என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணை விடையாகக் கொடுக்க முடியாது. அதன் வரலாற்றைத்தான் கொடுக்க முடியும். அந்த வரலாற்றை எழுதும் முறைகளும் அவற்றின் பலவீனங்களும் ஒருசேரத் தெரிந்தால்தான் புதிய கண்டுபிடிப்புச் செய்திகளை எடைபோட முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், ஒரு திரள் மாறுவதை எவரும் கண்ணால் பார்த்ததில்லை. பால்வெளியின் மையத்தை ஒருமுறை சுற்றிவரச் சூரியனுக்கு இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மனிதர் தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பியே நானூறு ஆண்டுதான் ஆகிறது. அப்படியானால் வளர்ச்சியைப் பற்றி எப்படிப் பேச முடியும்? காங்கயத்தை அடுத்த கண்ணபுரத்தில் தேர்த் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில் இதே சிக்கல் வேறு உருவில் தீர்க்கப்படுவதைப் பார்க்கலாம். அங்கே கட்டியிருக்கும் எந்தக் காளைக்கும் பிறந்த தேதிச் சீட்டு கிடையாது. வாங்க வருபவர் அதன் வளர்ச்சியை உடனிருந்து பார்த்தவரும் அல்லர். ஆயினும் வாயைத் திறந்து பல்லைப் பார்த்ததும், இது இரண்டு பல், அது நான்கு பல் என்று சொல்லிவிடுகிறார். இரண்டு வயதை ஒட்டி முதல் ஜோடி நிலைப்பற்கள் முளைக்கும், பிறகு ஒவ்வொரு ஜோடியாக வந்து ஐந்து வயதை ஒட்டி எட்டும் நிறையும் என்ற ஒழுங்கு அவருக்குத் தெரியும். ஒரே நாளில் பல வயது மாடுகளை அடுத்தடுத்துப் பார்ப்பதால் கன்று எப்படிக் காளையாகிறது என்ற தொடர்ச்சியும் அவர் மனத்தில் அமைந்துவிடுகிறது. வானியலாளர் செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஒவ்வொரு திரளும் ஒரு கணத்தின் படம் மட்டுமே. ஆனால் லட்சக்கணக்கான திரள்களை, வெவ்வேறு பருவங்களில் இருப்பவற்றை, சேர்த்துப் பார்க்கும்போது தொடர்ச்சி தெரிகிறது. பல்லுக்குப் பதிலாக அவர்கள் பார்ப்பது, ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையை.

வானியலாளருக்கு இன்னொரு வசதியும் உண்டு. வானத்தில் தொலைவு என்பதே காலம். கோவை, திருப்பூர் வெளிச்சத்தை விட்டு விலகி, தாராபுரத்துக்குத் தெற்கேயோ மூலனூர்ப் பக்கமோ ஒரு மானாவாரிக் காட்டில் நின்று, கார்த்திகை, மார்கழி மாதத்தில் மழை விட்ட நிலவில்லாத முன்னிரவில் வடக்கு நோக்கி அண்ணாந்து பார்த்தால், ஆந்திரமேடாத் திரள் மங்கிய வெண்தீற்றலாகக் கண்ணுக்கே தெரியும். அந்த ஒளி புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வெறுங்கண்ணால் எளிதில் எட்டக்கூடிய மிகப் பழைய ஒளி அதுதான் எனலாம். இருந்தாலும் திரள்களின் வாழ்நாளோடு ஒப்பிட்டால் 25 லட்சம் ஆண்டு ஒன்றுமே இல்லை. நேற்றைய ஆந்திரமேடாவைத்தான் பார்க்கிறோம். வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அதற்கு வழிகாட்டுவது செம்பெயர்ச்சி.

பேரண்டம் விரிவதால், பயணத்திலிருக்கும் ஒளியின் அலைநீளமும் சேர்ந்து நீள்கிறது. இந்த நீட்சியே செம்பெயர்ச்சி; அதன் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மடங்கு நீண்டது என்பது கிடைக்கும். நிறமாலையில் நமக்கு நன்கு தெரிந்த ஒரு கோடு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்தால், ஒளி புறப்பட்ட பின் பேரண்டம் எத்தனை மடங்கு விரிந்துள்ளது என்பது நேரடியாகக் கிடைக்கும். நீரகத்தின் (ஹைட்ரஜனின்) லைமன்-ஆல்பா கோடு 121.6 நானோமீட்டரில் பிறக்கிறது. செம்பெயர்ச்சி 14 என்றால் அது 15 மடங்கு நீண்டு, புற ஊதாவிலிருந்து ஏறத்தாழ 1.8 மைக்ரோமீட்டருக்கு, அதாவது அகச்சிவப்புக்கு நகர்ந்திருக்கும். 6.5 மீட்டர் ஆடி கொண்ட வெப் தொலைநோக்கியை அகச்சிவப்புக்கென்றே அமைத்ததன் முதன்மைக் காரணங்களுள் இதுவும் ஒன்று. செம்பெயர்ச்சி 1 என்றால் ஏறத்தாழ 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம். 2 என்றால் ஆயிரம் கோடிக்குச் சற்று மேல். செம்பெயர்ச்சியை ஆண்டுக் கணக்காக மாற்றுவதற்குப் பேரண்ட விரிவின் மாதிரி ஒன்று தேவை. விரிவு வேகத்தை அளக்கும் இருவேறு முறைகள் (ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில்) 67 என்றும் 73 என்றும் இன்னும் ஒத்துப்போகாமல் நிற்பதால், இந்த ஆண்டுக் கணக்கில் சில விழுக்காடு ஐயம் எப்போதும் உண்டு. பேரண்டத்தின் தொடக்கமான பெருவெடிப்பு நிகழ்ந்து 1,380 கோடி ஆண்டு என்பது இன்று பெரும்பாலோர் ஏற்றிருக்கும் மதிப்பு.

நிறமாலை எடுப்பதற்கு நீண்ட நேரம் வேண்டும். எனவே முதல் கட்டத்தில், வெவ்வேறு நிற வடிகட்டிகளில் எடுத்த படங்களை ஒப்பிட்டே தொலைவை மதிப்பிடுகிறார்கள். தொலைதூரத் திரளிலிருந்து வரும் குறுகிய அலைநீள ஒளியை இடைவழி நீரகம் விழுங்கிவிடுவதால், திரள் சில வடிகட்டிகளில் தெரிந்து, அடுத்த வடிகட்டியில் திடீரென மறைந்துவிடும். சார்லஸ் ஸ்டைடலும் குழுவினரும் 1990-களில் இம்முறையைக் கொண்டு நூற்றுக்கணக்கான தொலைதூரத் திரள்களைத் திரட்டினார்கள். விரைவான முறை, ஆனால் ஏமாற்றவும் செய்யும். 2022-இல் வெப் தரவிலிருந்து செம்பெயர்ச்சி 16 அளவில் இருக்கலாம் என்று பரபரப்பாகப் பேசப்பட்ட ஒரு திரள், அடுத்த ஆண்டு நிறமாலை எடுத்தபோது 4.9 என்று தெரிந்தது. தூசு படிந்த திரள் ஒன்றின் வலுவான வாயுக் கோடுகள், தற்செயலாக வடிகட்டிகளின் எல்லையில் சரியாக விழுந்து தொலைதூரத் திரளின் தோற்றத்தைக் கொடுத்திருந்தன. நூறு கோடி ஆண்டுக்கு நெருக்கமான பிழை, ஒரே நிறமாலையில் தீர்ந்தது. செய்தியில் வரும் திரளின் தொலைவு நிறமாலையால் உறுதி செய்யப்பட்டதா என்று கேட்பது, வாசகர் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

திரள்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்பதே ஒரு காலத்தில் உறுதியாகவில்லை. 1948-இல் பிரெட் ஹாயிலும், ஹெர்மன் பாண்டியும், தாமஸ் கோல்டும் முன்வைத்த மாறா நிலைக் கொள்கையின்படி, பேரண்டம் விரிந்தாலும் புதுப்பொருள் இடைவிடாது தோன்றுவதால், எந்தக் காலத்தில் பார்த்தாலும் அது ஒரே தோற்றமுடையது; முற்காலத் திரள்களுக்கும் இக்காலத் திரள்களுக்கும் சராசரியில் வேறுபாடு இருக்கக் கூடாது. இந்த வழக்கில் சான்று சொன்ன கருவிகளில் ஒன்று கொங்கு நாட்டிலிருந்து மலையேறினால் எட்டிவிடும் தொலைவில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வழியாக உதகை செல்பவர்களில் எத்தனை பேர் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி முத்தோரையில் இருக்கும் வானொலித் தொலைநோக்கியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. தாவரவியல் பூங்காவுக்கும் படகு இல்லத்துக்கும் குழந்தைகளை அழைத்துச் செல்லும் நாம், பேரண்டத்தைப் பற்றிய ஒரு பெரிய விவாதத்தில் நம் மலை ஆற்றிய பங்கை அவர்களுக்குச் சொல்வதில்லை.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் நிறைவுபெற்ற அத்தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. வரிசையாக நிற்கும் 24 பரவளையச் சட்டங்களின் மீது, முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளே அதன் எதிரொளிப்புப் பரப்பு. அதைவிட வியப்பானது இடத் தேர்வு. கோவையும் ஈரோடும் உதகையும் ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சரேகையில் உள்ளன. ஆகவே நம் ஊர்களிலிருந்து பார்த்தால் துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் 11 டிகிரி உயரத்தில் நிற்கும். வடதெற்காக அதே 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் மேல் நீளவாக்கில் தொலைநோக்கியைக் கிடத்தியதால், அதன் அச்சு புவியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் மெல்லச் சுழற்றினாலே, வானில் நகரும் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். பெரும் செலவில் இயந்திரம் கொண்டு செய்ய வேண்டியதை மலையின் சாய்வே செய்து கொடுத்தது.

அக்கருவியின் முதன்மை வேலை, வானொலி அலைகளை வெளியிடும் வான்பொருள்களை, அதாவது வானொலி மூலங்களை, நிலவு மறைக்கும் தருணத்தைக் கவனிப்பது. நிலவின் விளிம்பு ஒரு மூலத்தின் குறுக்கே செல்லும்போது சமிக்ஞை எப்படி மங்குகிறது என்பதிலிருந்து, அம்மூலத்தின் கோண அளவை, அதாவது வானில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை, மிக நுணுக்கமாகக் கணக்கிடலாம். இப்படி நூற்றுக்கணக்கான மங்கிய மூலங்களை அளந்தபின், ஸ்வரூப்பும் விஜய் குமார் கபாஹியும் 1975-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மங்கலான, அதாவது சராசரியில் தொலைவான, வானொலித் திரள்களின் கோண அளவு குறைந்துகொண்டே போன விதம், தொலைவை மட்டும் கொண்டு விளக்க முடியாததாக இருந்தது. முற்காலத்து வானொலித் திரள்கள் உண்மையிலேயே அளவில் சிறியனவாக இருந்திருக்க வேண்டும். அன்றைய திரள் இன்றைய திரள் போன்றதன்று என்றால் மாறா நிலைக் கொள்கை நிற்காது. 1965-இல் கண்டறியப்பட்ட, பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு அக்கொள்கையை ஏற்கெனவே அசைத்திருந்தது. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைலின் குழு எடுத்த வானொலி மூலங்களின் எண்ணிக்கையும் அதற்கு எதிராகவே இருந்தது. உதகையின் அளவீடு அவற்றைச் சாராமல், வேறொரு வழியில் அதே முடிவுக்கு வந்தது என்பதில்தான் அதன் மதிப்பு.

இனி இரண்டாவது கேள்விக்கு, விண்மீன்களின் வயதுக்கு, வரலாம். இதற்கு அடிப்படை ஒரே ஒரு இயற்பியல் உண்மை: நிறை மிகுந்த விண்மீன் தன் எரிபொருளை விரைவாகத் தீர்த்துவிடும். சூரியன் அளவுள்ள விண்மீன் ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டு வாழும். அதைப்போல் பத்து மடங்கு நிறையுள்ளது இரண்டு, மூன்று கோடி ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். நாம் திருவாதிரை என்று அழைக்கும் செம்மையான விண்மீனுக்கு வயது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுதான். ஆயினும் அது தன் வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறது. நிறை மிகுந்தவை வாழ்வின் பெரும்பகுதியில் நீலமாகவும் மிகப் பிரகாசமாகவும் இருப்பவை. எனவே ஒரு திரள் நீலமாகத் தெரிந்தால் அங்கே அண்மையில் விண்மீன்கள் பிறந்திருக்கின்றன என்று பொருள். சிவந்து தெரிந்தால் நீல விண்மீன்கள் இறந்து, சிறிய, நெடுநாள் வாழும் விண்மீன்களே எஞ்சியிருக்கின்றன என்று பொருள்.

இந்தக் கருத்தைக் கணக்காக மாற்றியவர்களுள் முதன்மையானவர் பியாட்ரிஸ் டின்ஸ்லி. இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்து, 1960-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வில், குறிப்பிட்ட விகிதத்தில் விண்மீன்களைப் பிறக்கவிட்டு, அவை முதிர்ந்து இறக்கும்போது திரளின் மொத்த ஒளியும் நிறமும் எப்படி மாறும் என்று கணினியில் கணக்கிட்டார். அக்காலத்தில் ஆலன் சாண்டேஜ் போன்ற பெரியவர்கள், பெரிய நீள்வட்டத் திரள்கள் எக்காலத்திலும் ஒரே பிரகாசம் உடையவை என்று வைத்துக்கொண்டு பேரண்ட விரிவை அளக்க முயன்றார்கள். திரள் முதிர முதிர மங்கும், ஆகவே அந்த அளவுகோலே நிலையானதன்று என்று டின்ஸ்லி காட்டினார். 1978-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர், மூன்றே ஆண்டுகளில், 40 வயதில் புற்றுநோயால் இறந்தார். இன்று வெப் எடுக்கும் ஒவ்வொரு திரளின் படத்தையும் வயதாக மாற்றும் மென்பொருள்களின் வேர் அவருடைய கணக்கில்தான் இருக்கிறது. அவரை நம் பள்ளிக் குழந்தைகள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இம்முறையின் சிக்கல்களை மறைக்கக் கூடாது. மாட்டுக்கு எட்டுப் பல்லும் நிறைந்த பிறகு தேய்மானத்தைப் பார்த்தே வயதைச் சொல்ல வேண்டும். கொறங்காட்டில் முரட்டுப் புல்லை மேய்ந்த மாட்டின் பல்லும், தொட்டியில் மென்தீவனம் தின்ற மாட்டின் பல்லும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. திரள்களிலும் அப்படித்தான். நூறு கோடி ஆண்டுக்கும் இருநூறு கோடி ஆண்டுக்கும் இடையே நிறமாலை தெளிவாக மாறுகிறது. எண்ணூறு கோடிக்கும் ஆயிரத்து இருநூறு கோடிக்கும் இடையே மாற்றம் மிகச் சிறியது. அதோடு, நீரகமும் ஹீலியமும் தவிர்ந்த தனிமங்கள் அனைத்தையும் வானியலாளர் உலோகம் என்றே அழைப்பர். அந்த உலோகங்கள் மிகுந்த விண்மீனும் சிவந்தே தெரியும். வானியலாளர் கை வொர்த்தி 1994-இல் காட்டியபடி, வயது மூன்று மடங்கு கூடுவதும் உலோகச் செறிவு இரண்டு மடங்கு கூடுவதும் திரளின் நிறத்தில் ஏறத்தாழ ஒரே விளைவைத் தருகின்றன. தூசும் ஒளியைச் சிவக்கச் செய்யும். முதுமையா, உலோகமா, தூசா என்று நிறத்தை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரிப்பதற்கு நிறமாலையின் கோடுகளுக்குள் போக வேண்டும். நீரக உறிஞ்சு கோடுகள் விண்மீன்களின் வெப்பநிலைக்கு, அதன் வழியாக வயதுக்கு, கூடுதலாக அசைந்து கொடுக்கும்; இரும்பு, மெக்னீசியக் கோடுகள் உலோகச் செறிவுக்குக் கூடுதலாக அசைந்து கொடுக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் சிக்கல் பெருமளவு அவிழ்கிறது. 400 நானோமீட்டர் அருகே முதிய திரள்களின் ஒளியில் தெரியும் கூர்மையான சரிவு இன்னொரு நல்ல குறி. ஸ்லோன் வானளவை திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட திரள்களில் இவற்றை அளந்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று, விண்மீன் நிறை மூவாயிரம் கோடி சூரியன்களுக்கு மேற்பட்ட திரள்கள் பெரும்பாலும் முதியவை, அதற்குக் கீழ்ப்பட்டவை பெரும்பாலும் இளையவை என்று காட்டியது. சிறியவை சேர்ந்து பெரியவை உருவாகும் என்ற படத்தோடு மட்டும் பழகியவர்களுக்கு இது முதலில் முரணாகத் தோன்றலாம். திரள் ஒன்றுகூடிய காலமும் அதன் விண்மீன்கள் பிறந்த காலமும் வேறு வேறு என்பதை நினைவில் கொண்டால் முரண் நீங்கும்.

வயது எவ்வளவு என்பதோடு, எவ்வளவு விரைவாக விண்மீன்கள் பிறந்தன என்பதையும் வேதியியல் சொல்கிறது. ஆக்சிஜன், மெக்னீசியம் போன்றவற்றைப் பெரும்பாலும் உருவாக்குபவை பெருநிறை விண்மீன்கள். அவை சில கோடி ஆண்டுகளிலேயே வெடித்து அவற்றைச் சிதறவிடும். இரும்பின் பெரும்பகுதி, சூரியன் போன்ற விண்மீன்கள் முடிந்தபின் எஞ்சும் வெண்குள்ளன்கள் வெடிக்கும் வேறு வகையிலிருந்து வருகிறது. அதற்கு நூறு கோடி ஆண்டு வரையிலும் அதற்கு மேலும்கூட ஆகலாம். ஒரு திரளின் விண்மீன்களில் இரும்பைவிட மெக்னீசியம் தூக்கலாக இருந்தால், இரும்பு வந்து சேர்வதற்குள் விண்மீன் பிறப்பு முடிந்துவிட்டது என்று ஊகிக்கலாம். பெரிய நீள்வட்டத் திரள்கள் பலவற்றில் இந்த அடையாளம் இருக்கிறது.

இதே தர்க்கம் மிகத் தொலைவிலும் பயன்பட்டது. வெப் தொலைநோக்கி 2024-இல் அறிவித்த ஒரு திரளை, சிலி நாட்டின் ஆல்மா தொலைநோக்கி கொண்டு இரண்டு குழுக்கள் ஆராய்ந்து 2025-இல் ஆக்சிஜன் கோட்டைக் கண்டறிந்தன. அதன் செம்பெயர்ச்சி 14.18, பெருவெடிப்புக்குப் பின் முப்பது கோடி ஆண்டுகூட நிறையாத காலம். பெருவெடிப்பில் ஆக்சிஜன் உருவாகவில்லை. ஆகவே அந்தக் குறுகிய காலத்துக்குள் குறைந்தது ஒரு தலைமுறைப் பெருநிறை விண்மீன்கள் பிறந்து, வாழ்ந்து, வெடித்து முடிந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் அண்மையில் வந்த முடிவுகளில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். ஒரே ஒரு கோட்டின் இருப்பு முந்தைய தலைமுறை ஒன்றுக்குச் சான்றாகிறது.

வெப் தரவின் தொடக்கத்தில், எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான, நிறை மிகுந்த இளந்திரள்கள் தெரிந்ததும், பெருவெடிப்புக் கொள்கையே தவறு என்று சிலர் எழுதினார்கள். அது அவசரம். ஒளியை நிறையாக மாற்றும்போது அது முழுவதும் விண்மீன்களிலிருந்தே வருகிறது என்று கொள்ளப்பட்டிருந்தது. அவற்றில் சிலவற்றில் மையக் கருந்துளையைச் சுற்றிச் சூடேறிய வாயுவின் பங்கும் உண்டு என்று பின்னர் தெரிந்தது. அப்போதுதான் பிறந்த விண்மீன்கள் திரளைத் தற்காலிகமாகப் பிரகாசமாக்குவதும் ஒரு காரணமாகலாம். ஆயினும் முற்காலத் திரள்கள் நாம் நினைத்ததைவிட விரைவாக வளர்ந்தன என்பது நிலைத்துவிட்டது. புனேயிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் ரஷி ஜெயினும் யோகேஷ் வாடதேகரும் 2025-இல் வெளியிட்ட அலக்நந்தா என்னும் திரள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெருவெடிப்புக்கு 150 கோடி ஆண்டு கழித்து, ஏறத்தாழ 30,000 ஒளியாண்டு அகலத்தில், இரண்டு சுருள்கைகளோடு ஒழுங்கான வட்டாக அது அமைந்திருக்கிறது. இத்தகைய வட்டு அடங்கி அமைய இன்னும் நெடுங்காலம் ஆகும் என்றே முன்பு கருதப்பட்டது.

அருகிலிருக்கும் ஒரே ஒரு திரளில் மட்டும் விண்மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து வயதைக் கணிக்கும் ஆடம்பரம் நமக்குப் பெரிய அளவில் உண்டு. அது நம் பால்வெளி. மாசி, பங்குனி விடியற்காலைகளில் தென்கிழக்கில் எழும்பி நிற்கும் அதன் மையப்பகுதியை, கொங்குச் சீமையின் வறண்ட தென்பகுதியிலிருந்து இன்றும் தெளிவாகப் பார்க்கலாம். 2013-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம் நூற்றெண்பது கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடத்தை அளந்தது. 2018-இல் அத்தரவில் ஒரு கூட்டம் விண்மீன்கள், மற்றவற்றிலிருந்து மாறுபட்ட பாதைகளிலும் மாறுபட்ட வேதிக் கலவையோடும் செல்வது தெரிந்தது. ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வெளியோடு மோதிக் கலந்த வேறொரு சிறு திரளின் எச்சம் அவை. திரள் என்பதே கரைந்துபோய் எவ்வளவோ காலமான பின்னும், அதன் விண்மீன்கள் தம் பிறப்பிடத்தின் அடையாளத்தை விடவில்லை. வருங்காலத்தைச் சொல்வது இதைவிடக் கடினம்: ஆந்திரமேடாவும் பால்வெளியும் மோதுவது உறுதி என்று நெடுநாள் எழுதப்பட்டது, 2025-இல் வெளியான ஒரு கணக்கு, அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளுக்குள் அது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிதான் என்கிறது.

மூன்றாவது கேள்விக்கு, பேரண்டம் முழுவதற்குமான விடை 1990-களில் உருப்பெறத் தொடங்கியது. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியைப் பத்து நாள் ஒரே சிறு இடத்தை நோக்கி நிறுத்தியபோது, வெறுமையாகத் தெரிந்த அந்த இடத்தில் ஏறத்தாழ மூவாயிரம் திரள்கள் தெரிந்தன. அதையும் அதற்குப் பின் வந்த அளவீடுகளையும் தொகுத்துப் பார்த்தால், விண்மீன் பிறப்பு வீதம் முதலில் ஏறி, இற்றைக்கு ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தைத் தொட்டு, பிறகு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சரிந்திருக்கிறது. பேரண்டத்தில் விண்மீன்கள் மும்முரமாகப் பிறந்த காலம் சூரியன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே கழிந்துவிட்டது.

ஏன் சரிந்தது? பெரிய திரள்களில் மையக் கருந்துளை வெளியேற்றும் ஆற்றல் வாயுவைக் குளிரவிடாமல் தடுப்பதும், பல திரள்கள் சேர்ந்த கூட்டங்களுக்குள் விழும் திரள்களிலிருந்து வாயு உரித்தெடுக்கப்படுவதும் காரணங்கள் எனப்படுகின்றன. ஆனால் மூலப்பொருளான நீரகத்தையே அளக்காமல் இதற்கு முழு விடை கிடைக்காது. நீரக அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வெளியிடும் வானொலிக் குறி மிக மிக மெலிந்தது. எண்ணூறு கோடி ஆண்டு தொலைவிலுள்ள ஒற்றைத் திரளில் அதைப் பிடிப்பது இன்றைய கருவிகளுக்கு ஏறக்குறைய இயலாத செயல். உதகைக்குப் பிறகு ஸ்வரூப் புனே அருகே கட்டிய, 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது கிண்ணங்கள் கொண்ட ராட்சத மீட்டர் அலைத் தொலைநோக்கியைப் பயன்படுத்தி, ஆதித்ய சௌதுரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் முதலானோர் வேறு வழி கண்டார்கள். 7,653 திரள்களின் சமிக்ஞைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி, சராசரித் திரளில் எவ்வளவு நீரகம் இருந்தது என்பதை 2020-இல் அளந்தார்கள். கிடைத்த விடை தெளிவானது: அன்றைய வேகத்தில் விண்மீன்களை உருவாக்கிக்கொண்டே போயிருந்தால், அந்த நீரகம் நூறு முதல் இருநூறு கோடி ஆண்டுகளுக்குத்தான் போதும். வெளியிலிருந்து புதிய வாயு அதே வேகத்தில் வந்து சேரவில்லை; பிறப்பு வீதம் குறைந்தது.

சராசரி சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. எந்த வகைத் திரளில் வாயு முதலில் தீர்ந்தது, சுற்றுப்புறத்தின் பங்கு எவ்வளவு, சிறியவற்றில் ஏன் இன்னும் பிறப்பு தொடர்கிறது என்பதையெல்லாம் அறிய, தனித்தனித் திரள்களின் நீரகத்தை அளந்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழுந்துகொண்டிருக்கும் சதுர கிலோமீட்டர் வானொலித் தொலைநோக்கி வரிசையின் முதன்மை நோக்கங்களில் இதுவும் ஒன்று. 1,250 கோடி ரூபாய் மதிப்பில் இந்தியா அதில் சேர்வதற்கு 2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்திருக்கிறது.